தனி ஜெபம்: நெய்வேலி வட்டாரமும் தமிழ்க் கிறிஸ்தவ மரபும்

தனி ஜெபம் என்பது, கிறிஸ்தவர் ஒருவர் கோயில் வழிபாட்டோடு நின்றுவிடாமல், நாள்தோறும் தாமாகவே கடவுளோடு பேசியும், வேதம் வாசித்தும், சும்மா இருந்தும் அவரோடு நெருங்கிப் பழகும் வழக்கம். கத்தோலிக்கர் இதைச் செபம், தியானம் என்பர். இதற்கான வேர் நற்செய்தி நூல்களிலேயே இருக்கிறது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வேண்டச் சொல்கிறது மத்தேயு 6ஆம் அதிகாரம். இயேசுவே இருட்டோடு எழுந்து தனியிடம் தேடிப் போனதாகச் சொல்கிறது மாற்கு. யோவான் 15ஆம் அதிகாரத்தில் அவர் சீடர்களை ஊழியர் நிலையிலிருந்து நண்பர் நிலைக்கு உயர்த்துகிறார்.

நெய்வேலிக்கு மேற்கே, விருத்தாசலம் பக்கத்தில் உள்ள கோணான்குப்பம் இந்த மரபில் முக்கியமான ஊர். இத்தாலியில் 1680இல் பிறந்த இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர் அங்கே மாதாவுக்குக் கோயில் எழுப்பினார். மாதாவைத் தமிழ்ப் பெண்ணின் உடையில் நிறுத்தி, பெரியநாயகி என்று பெயரிட்டார். விருத்தாசலம் சிவன் கோயிலில் அம்மனின் பெயரும் அதுவே. அவர் இயற்றிய தேம்பாவணிக் காப்பியத்துக்கும் இந்த ஊருக்கும் தொடர்பு உண்டு என்பது மரபு. மூன்று காண்டம், 36 படலம், 3615 பாடல் கொண்ட அந்தக் காப்பியத்தின் நாயகன் அரசனோ வீரனோ அல்ல, இயேசுவின் வளர்ப்புத் தந்தை, வளன் என்ற சூசை; கைத்தொழில் செய்து பிழைத்த தச்சர். இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சிகளில், நற்செய்தி நிகழ்ச்சி நடந்த இடத்தில் தானும் நிற்பதாக எண்ணித் தியானிக்கக் கற்பித்தார். அதில் பழகிய முனிவர் யூதேயாவைத் தமிழ் மருத நிலமாகப் பாடியது வெறும் காப்பிய இலக்கணத்துக்காக மட்டும் இருக்காது; படிப்பவரைச் சூசையின் வீட்டுத் திண்ணைக்கே கூட்டிப்போகும் உத்தி அது என்று கொள்ள இடமிருக்கிறது.

மே 1ஐத் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாகத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955இல் அறிவித்தார். அடுத்த ஆண்டு நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது. இரண்டுக்கும் தொடர்பில்லை, ஆனாலும் தச்சரைப் பாடிய காப்பியத்தின் மண்ணில் ஒரு தொழிலாளர் நகரியம் எழுந்தது.

சீர்திருத்த சபைகளில் கடவுளோடு கொள்ளும் இந்த நெருக்கம் பாட்டின் வழியே வந்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) தம் பெத்லகேம் குறவஞ்சியில் தேவமோகினி என்னும் தலைவியை இயேசுவின்மேல் காதல் கொள்ளவைத்தார். வைணவராகப் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, இரட்சணிய யாத்திரிகத்தில் (1894) ஆழ்வார் பாசுரங்களில் ஊறிய நாவால் கிறிஸ்துவை அழைத்தார். இதற்கெல்லாம் இறையியல் விளக்கம் தந்தவர் பாளையங்கோட்டையில் பிறந்த ஏ. ஜே. அப்பாசாமி, பின்னாளில் கோயம்புத்தூர்ப் பேராயர். கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கும் அவருடைய நூல் 1927இல் வந்தது. கடவுளும் பக்தனும் ஒன்றாகக் கரைந்துபோவதில்லை, அன்பிலும் நடத்தையிலும் ஒன்றுபடுகிறார்கள் என்பது அவர் வாதம். யோவான் நற்செய்தியைப் படிக்க இராமானுசரையும் துணைக்கு அழைத்தவர் அவர்.

நெய்வேலி நகரியத்தில் குடியேறியவர்கள் பல மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். சொந்த ஊர்க் கோயிலும் கல்லறைத் தோட்டமும் பின்னால் நின்றுவிட்டன. ஆகவே குவார்ட்டர்ஸில் நடக்கும் குடும்ப ஜெபத்துக்குக் கனம் அதிகம். பாய் விரித்து, ஒரு கீர்த்தனை, ஓர் அதிகாரம், பிறகு பெரியவர் முதல் பிள்ளைகள்வரை ஆளுக்கொரு வாய் ஜெபம். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுத்த, வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை பீரோக் கதவிலோ வேதப் புத்தகத்துக்குள்ளோ ஆண்டு முழுக்க இருக்கும். கத்தோலிக்க வீடுகளில் அந்த இடம் செபமாலைக்கு. மே மாதமும் அக்டோபரும் அதற்குரிய காலம். தனி ஜெபம் என்று பெயரே தவிர, தமிழ் வீட்டில் அது பெரும்பாலும் பிறர் காதில் விழும்படிதான் நடக்கிறது. குழந்தை கடவுளிடம் பேசக் கற்பது அம்மா பேசுவதைக் கேட்டுத்தான்.

சுரங்கமும் அனல் மின் நிலையமும் மூன்று ஷிப்டில் ஓடுவதால், அதிகாலை ஜெபம் என்ற பொது விதி இங்கே எல்லோருக்கும் ஒத்துவராது. நைட் ஷிப்ட் முடித்து வருபவருக்கு அதிகாலை, நாளின் கடைசி. அவருக்குப் பொருத்தமான முன்னோடி, 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் கார்மேல் மடத்தின் சமையலறையில் வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸ். பாத்திரங்களுக்கு நடுவிலும் கடவுள் உடனிருப்பதை நினைத்துக்கொண்டிருப்பதே ஜெபம் என்றவர் அவர்.

கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று சொல்லி ஜெபத்தை மனு கொடுக்கும் ஜன்னலாக்கிவிடும் மேடைப் பிரசங்கங்களும் உண்டு. அங்கே உறவைவிட வரவுக்குத்தான் மதிப்பு. பழைய மரபு அப்படிச் சொல்லவில்லை. கார்மேல் சபைத் துறவி சிலுவை அருளப்பர், ஜெபத்தில் உணர்வு வற்றிப்போகும் வறட்சியை ஜெப வாழ்வின் ஒரு படி என்றே எழுதினார். அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007இல் நூலாக வெளிவந்தபோது, அவர் பல பத்தாண்டுகள் கடவுளின் அருகாமையை உணராமலேயே ஜெபித்து வந்தது தெரிந்தது. வேலையையும் அவர் நிறுத்தவில்லை.

ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்பதால் நகரியத்தின் ஜெபக் குழுக்கள் ஓயாமல் ஆள் மாறுகின்றன. ஊர் திரும்புகிறவர்கள் அங்கும் பெரும்பாலும் வீட்டு ஜெபத்தைத்தான் முதலில் தொடங்குகிறார்கள். புதிய சபையில் பழக நாளாகும்.