ஐரோப்பியக் கட்சிகளுக்கான பொதுநிதி

ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடுகளில் இயங்கும் தேசியக் கட்சிகள் ஒன்றுசேர்ந்து அமைத்துக்கொண்ட அமைப்புகளே ஐரோப்பியக் கட்சிகள். ஐரோப்பிய மக்கள் கட்சி, ஐரோப்பிய சோசலிஸ்டுகள் கட்சி, ஐரோப்பியப் பசுமைக் கட்சி போன்றவை இவற்றுள் அடங்கும். ஒன்றியத்தின் வரவு செலவுத் திட்டத்திலிருந்து ஆண்டுதோறும் இவற்றுக்கு நிதி ஒதுக்கப்படுகிறது. 2004இல் சுமார் 65 லட்சம் யூரோவாக இருந்த ஒதுக்கீடு, 2019இல் 5 கோடி யூரோவாக உயர்ந்தது. தொகை வளர வளர, அதைப் பங்கிடும் முறை நியாயமானதுதானா என்ற வழக்கும் வளர்ந்தது.

1993இல் நடைமுறைக்கு வந்த மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் இக்கட்சிகளுக்கு அங்கீகாரம் மட்டுமே அளித்தது. பணம் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் அரசியல் குழுக்களுக்கு ஒதுக்கிய நிதியின் ஒரு பகுதிதான் சத்தமில்லாமல் கட்சிகளைத் தாங்கிவந்தது. ஒன்றியத்தின் தணிக்கை மன்றம் இதை 2000ஆம் ஆண்டில் கண்டித்தது. அதன்பின் நீஸ் ஒப்பந்தம் சட்ட அடிப்படையை அமைத்துத் தர, 2003 நவம்பரில் முதல் நிதி ஒழுங்குவிதி நிறைவேறியது. பெரிய கட்சிகளுக்காகவே இது தைக்கப்பட்டது என்று கருதியவர்கள் உடனே நீதிமன்றம் சென்றனர். ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்களான டென்மார்க்கின் ஜென்ஸ் பீட்டர் போண்டே, இத்தாலியின் எம்மா போனினோ, பிரான்சின் தேசிய முன்னணி என ஒருவரோடொருவர் ஒத்துப்போகாத மூன்று தரப்புகள் தனித்தனியே வழக்குத் தொடுத்தன. 2005இல் மூன்றும் விசாரணைக்கு ஏற்கத்தக்கவை அல்ல என்று தள்ளுபடியாயின. ஆகவே, விதி நியாயமானதா என்ற கேள்விக்கு அவ்வழக்குகளில் விடை கிடைக்கவில்லை.

முதல் விதியின்படி, மொத்த நிதியில் 15 சதவீதம் தகுதி பெற்ற கட்சிகள் அனைத்துக்கும் சமமாகவும், 85 சதவீதம் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் அவற்றுக்குள்ள உறுப்பினர் எண்ணிக்கைக்கு ஏற்பவும் பிரிக்கப்பட்டது. 2018இல் இந்த விகிதம் 10க்கு 90 ஆனது. 5 கோடி யூரோவைப் பத்துக் கட்சிகள் பங்கிடுவதாகக் கொண்டால், ஒரு கட்சியின் சமபங்கு ஏழரை லட்சத்திலிருந்து 5 லட்சமாகக் குறைகிறது. நூற்றுக்கு மேல் உறுப்பினர் உள்ள கட்சிக்கு இந்த இரண்டரை லட்சம் கணக்கில் கொள்ளத்தக்கதே அல்ல. விகிதப் பங்கின் உயர்வு அதை ஈடுகட்டிவிடும். நான்கைந்து உறுப்பினர் உள்ள கட்சிக்கோ அது அலுவலகம் நடத்தும் செலவு.

மாற்றத்துக்குச் சொல்லப்பட்ட காரணத்தைப் புறக்கணிக்க முடியாது. சமபங்கு பெரிதாக இருந்தால் அதற்காகவே கட்சி தொடங்குவோர் வருவர், அப்படித்தான் நடந்தது. அப்போதைய விதியில் தனிநபர் உறுப்பினர்களையும் கணக்குக் காட்டிப் பதிவு பெற முடிந்ததால், ஒரே தேசியக் கட்சியைச் சேர்ந்தவர்கள் வெவ்வேறு ஐரோப்பியக் கட்சிகளுக்கு ஆதரவாளர்களாகக் கையெழுத்திட்டனர். 2018 திருத்தம் இந்த வழியையும் அடைத்து, கட்சிகளை மட்டுமே கணக்கில் எடுத்தது. முறைகேட்டைத் தடுக்க அதுவே பெரும்பாலும் போதும். சமபங்கையும் சேர்த்துக் குறைத்ததன் சுமை முறைகேட்டில் ஈடுபடாத சிறிய கட்சிகள் மீதும் விழுந்தது.

விகிதப் பங்கிலும் ஒரு சிக்கல் உண்டு. அது வாக்குகளை எண்ணுவதில்லை, இடங்களையே எண்ணுகிறது. ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் சிறிய நாடுகளுக்கு மக்கள்தொகை விகிதத்தை மிஞ்சிய இடங்கள் உண்டு. 720 இடங்களில் ஜெர்மனிக்கு 96, மால்டாவுக்கு 6. ஜெர்மனியில் ஓர் இடத்துக்கு எட்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். மால்டாவில் ஒரு லட்சத்துக்கும் குறைவு. இரு இடங்களும் கட்சிக்கு ஈட்டித்தரும் தொகை ஒன்றே. இதோடு, பல நாடுகளில் குறைந்தபட்ச வாக்கு வரம்பைத் தாண்டாத கட்சிகளுக்கு விழுந்த வாக்குகள் இடமாகவும் மாறுவதில்லை, பணமாகவும் மாறுவதில்லை. ஜெர்மனியின் உள்நாட்டுச் சட்டம் வேறு வழியில் செல்கிறது. அங்கே கூட்டாட்சித் தேர்தலிலோ ஐரோப்பியத் தேர்தலிலோ 0.5 சதவீத வாக்கு பெற்ற கட்சிக்கும், இடம் கிடைக்காவிட்டாலும், வாக்குக்கு இவ்வளவு என்று அரசு நிதி உண்டு.

நிதியை எட்டுவதற்கு முன்பே ஒரு வாசல் இருக்கிறது. பதிவு பெற, கட்சியின் உறுப்புக் கட்சிகளுக்கு ஒன்றியத்தின் கால்பகுதி நாடுகளில், அதாவது இன்றைய கணக்கில் ஏழு நாடுகளில், ஐரோப்பிய, தேசிய அல்லது வட்டாரச் சட்டமன்றங்களில் பிரதிநிதிகள் இருக்க வேண்டும்; அல்லது அந்நாடுகள் ஒவ்வொன்றிலும் ஐரோப்பியத் தேர்தலில் 3 சதவீத வாக்கு பெற்றிருக்க வேண்டும். நிதிக்கு, ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவராவது கூடுதலாகத் தேவை. எல்லை கடந்த தன்மைக்குச் சான்று கேட்பது முறைதான். ஆனால் ஏற்கெனவே நாடு நாடாக வேரூன்றிய கட்சிகளின் கூட்டணிக்கு இந்த அளவுகோல் பொருந்துவதைப் போல், ஒரே பெயரில் பல நாடுகளில் புதிதாகத் தொடங்கும் இயக்கத்துக்குப் பொருந்துவதில்லை. இத்தகைய வோல்ட் இயக்கம் 2024 ஐரோப்பியத் தேர்தலில் ஐந்து இடங்களை வென்றது. மூன்று ஜெர்மனியில், இரண்டு நெதர்லாந்தில். ஏழு நாடுகள் என்ற வரம்புக்கு அந்த இடங்கள் இரண்டு நாடுகளாகவே எண்ணப்படும்.

கட்சி தன் பங்காகத் திரட்ட வேண்டிய தொகையும் உண்டு. தொடக்கத்தில் இது செலவில் 25 சதவீதம். 2007இல் 15 ஆகவும், 2018இல் 10 ஆகவும் இறங்கியது. இதில் பெரும்பகுதி உறுப்புக் கட்சிகளின் சந்தாவே. அக்கட்சிகளும் தத்தம் நாட்டு அரசு நிதியில் வாழ்பவை என்பதால், சொந்த வருமானம் எனப்படுவதும் பல வேளைகளில் சுற்றிவந்த வரிப்பணம்தான்.

நியாயம் தீர்ப்பவர் யார் என்பதில்தான் முறை நெடுங்காலம் வலுவற்றிருந்தது. விண்ணப்பங்களை ஏற்பதும், செலவுகளை ஆராய்வதும், பணத்தைத் திரும்பக் கேட்பதும் நாடாளுமன்றத்தின் தலைமைப் பணியகத்திடம் இருந்தன. தலைவரும் துணைத்தலைவர்களும் கொண்ட அந்தப் பணியகம், போட்டிக் கட்சியினரின் அவை. 2016 நவம்பரில் அது, பிரிட்டனின் யுகிப் கட்சி ஆதிக்கம் செலுத்திய 'ஐரோப்பிய நேரடி ஜனநாயகக் கூட்டணி' செலவிட்ட சுமார் 5 லட்சம் யூரோ விதிக்குப் புறம்பானது என்று முடிவெடுத்தது. பிரிட்டனின் உள்நாட்டு அரசியலுக்கான கருத்துக்கணிப்புகள் அதில் இருந்தன. குற்றச்சாட்டுக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. ஆனால் 2019இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அம்முடிவை ரத்து செய்தது. பணியக உறுப்பினர் ஒருவர் முன்கூட்டியே வெளியிட்ட கருத்து நடுநிலையைக் குலைத்தது என்பது காரணம். அதற்குள் கூட்டணி திவாலாகியிருந்தது.

2014ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி இப்பொறுப்புக்கெனத் தனி ஆணையத்தை ஏற்படுத்தியது. அதன் இயக்குநரை நாடாளுமன்றம், அமைச்சரவை மன்றம், ஐரோப்பிய ஆணையம் மூன்றும் கூடி நியமிக்கின்றன. பதவிக்காலம் ஐந்தாண்டு, நீட்டிப்பு இல்லை. 2017 முதல் பதிவும் தண்டனையும் இந்தத் தனி ஆணையத்தின் கையில் உள்ளன. ஜனநாயகம், சட்டத்தின் ஆட்சி போன்ற ஒன்றிய விழுமியங்களை வெளிப்படையாகவும் கடுமையாகவும் மீறும் கட்சியின் பதிவை, ஆறு சுயாதீன வல்லுநர்களின் கருத்தைக் கேட்டபின் ஆணையம் நீக்கலாம். அந்த முடிவு நடைமுறைக்கு வர, நாடாளுமன்றமும் அமைச்சரவை மன்றமும் மூன்று மாதத்துக்குள் ஆட்சேபம் தெரிவிக்காதிருக்க வேண்டும். நிதியைப் பங்கிட்டு வழங்கும் பொறுப்பு மட்டும் இன்னும் நாடாளுமன்றத்திடமே இருக்கிறது.