உணவுக் கிருமிகளுக்கான விரைவு மூலக்கூற்றுப் பரிசோதனைகள்: தகுதி நிர்ணயம்

உணவில் கலந்திருக்கும் சால்மொனெல்லா, லிஸ்டீரியா முதலிய தீங்கு விளைக்கும் பாக்டீரியாக்களை, அவற்றின் டி.என்.ஏ.வைப் பன்மடங்கு பெருக்கிக் கண்டறியும் விரைவு முறைகள், நெடுங்காலமாக வழங்கிவரும் வளர்ப்பு முறைக்கு ஈடாக நிற்கத்தக்கவைதாமா என்று ஆராய்ந்து பிரமாணப்படுத்தும் காரியம் தகுதி நிர்ணயம் எனப்படும்.

சால்மொனெல்லாவை எடுத்துக்கொண்டால், ஐ.எஸ்.ஓ. 6579-1 என்னும் சர்வதேச நியமத்தின்படி, 25 கிராம் உணவை 225 மில்லி லிட்டர் பெப்டோன் நீரில் கலந்து, ஏறக்குறைய 18 மணி நேரம் இளஞ்சூட்டில் வைத்துக் கிருமிகளைத் தேற்றி, பின்னர் பிற கிருமிகளை அடக்கும் திரவங்களிலும், அதன்பின் அகார் தட்டுகளிலும் வளர்த்து, சிவந்த எக்ஸ்.எல்.டி. அகாரில் நடுக்கறுத்த புள்ளிகள் தோன்றுகின்றனவா என்று பார்த்து, அவற்றையும் உறுதிசெய்து முடிப்பதற்குள் பல நாட்கள் கழிந்துவிடும். 1983-இல் காரி மல்லிஸ் கண்ட, டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். முறையோ, சால்மொனெல்லாவுக்கே விசேஷமான இன்வ்-ஏ போன்ற ஒரு மரபணுவைச் சில மணி நேரத்திலேயே காட்டிவிடுகிறது. ஆயினும் முதல் தேற்றுதலுக்கான ஓர் இரவு இதற்கும் வேண்டியிருக்கிறது என்பதை விளம்பரங்கள் அவ்வளவு உரக்கச் சொல்வதில்லை.

2016-இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 16140-2 என்னும் நியமம் தகுதி நிர்ணயத்தின் விதிகளை வகுக்கிறது. புதிய முறை குறைந்தது 100 சால்மொனெல்லா வகைகளை இனங்காண வேண்டும். உறவுடைய வேறு பாக்டீரியாக்கள் 30-ஐக் கண்டு ஏமாறக்கூடாது. உணவுப் பிரிவு ஒவ்வொன்றிலும் குறைந்தது 60 மாதிரிகளில் இரு முறைகளின் முடிவுகளும் ஒப்பிடப்படுகின்றன. இவற்றினும் கடினமானது நுண்மைச் சோதனை: 25 கிராமில் ஓரிரு கிருமிகளே இருக்கும்படி, அதாவது மாதிரிகளில் ஒரு பகுதி மட்டுமே நேர்முடிவு தரும்படி, வேண்டுமென்றே சொற்ப அளவில் கிருமியைக் கலக்கிறார்கள், ஏனெனில் கிருமி மிகுந்த மாதிரியில் எந்த முறையும் வெற்றி பெறும், தகுதியின்மை வெளிப்படுவது இந்த விளிம்பில்தான். புதிய முறை கண்டறியும் எல்லை, பழைய முறையின் எல்லையோடு ஒப்பிட, தேற்றுதல் இரண்டுக்கும் பொதுவானால் 1.5 மடங்குக்கும், வெவ்வேறானால் 2.5 மடங்குக்கும் மேற்படலாகாது. இறுதியாக, குறைந்தது 10 ஆய்வுக்கூடங்களின் முடிவுகள் கிடைக்கும்படி, உள்ளடக்கம் மறைத்துக் குறியீடு மட்டும் இட்ட மாதிரிகள் அனுப்பப்படுகின்றன.

உணவின் சுபாவமும் இதில் குறுக்கிடுகிறது. கோக்கோவிலும் வாசனைத் திரவியங்களிலும் உள்ள சில சத்துக்கள், கிருமியின் வளர்ச்சியையோ பி.சி.ஆர். வினையையோ தடுத்து, கிருமி இருந்தும் இல்லையெனக் காட்டிவிடக்கூடும். ஆகவே வினை நடந்ததா என்று அறிய ஒவ்வொரு குழாயிலும் ஓர் அகக் கட்டுப்பாட்டு டி.என்.ஏ. சேர்க்கப்படுகிறது. இதற்கு மாறாக, சூட்டினால் மாண்ட கிருமியின் டி.என்.ஏ.வும் பெருகி, தீங்கற்ற உணவைத் தீங்குள்ளதாகக் காட்டலாம். அதனால்தான் நேர்முடிவு கிடைத்ததும் உயிருள்ள கிருமியை வளர்த்து எடுத்து உறுதிசெய்வது அவசியமாகிறது. என் அபிப்பிராயத்தில், இந்தப் பின்னுறுதியைச் சிக்கனம் கருதிக் கைவிடும் ஆய்வுக்கூடம், விரைவு முறையின் பயனில் பாதியை இழந்துவிடுகிறது.

ஐரோப்பாவில் ஆஃப்நோர், மைக்ரோவால் ஆகிய அமைப்புகளும், அமெரிக்காவில் ஏ.ஓ.ஏ.சி. அமைப்பும் தகுதி நிர்ணயச் சான்றுகளை வழங்குகின்றன. சோதிக்கப்பட்ட உணவுப் பிரிவுகளுக்கு மட்டுமே சான்று செல்லும். சான்று பெற்ற முறையை வாங்கிப் பயன்படுத்தும் ஆய்வுக்கூடமும், 2021-இன் ஐ.எஸ்.ஓ. 16140-3-இன்படி, தன் கையிலும் அம்முறை ஒழுங்காக இயங்குகிறது என்று தனியே காட்டவேண்டும்.