பிள்ளையார் சுழியா, சட்டமா?

எதிரணி நண்பர் என்ன சொன்னார்? 'அரசியலமைப்பின் முகப்புரைங்கறது கடுதாசியில போடற பிள்ளையார் சுழி மாதிரி. போடலேன்னாலும் தபால்காரர் கொண்டுபோய்க் கொடுத்துடுவார்'னார். (கைதட்டல்) நீங்களும் தட்டிட்டீங்க. தட்டுங்க. ஆனா அந்தச் சுழிக்கு நிஜமாவே ஓட்டெடுப்பு நடந்துச்சுங்கறது அவருக்குத் தெரியுமா?

1949 அக்டோபர் 17. அரசியல் நிர்ணய சபை. சட்டப் பிரிவுகளையெல்லாம் விவாதிச்சு முடிச்சுட்டு, கடைசியாத்தான் முகப்புரைக்கு வந்தாங்க. எச்.வி. காமத் எழுந்து, 'கடவுளின் பெயரால்' என்று தொடங்கணும்னார். அதாவது பிள்ளையார் சுழியேதான்! (சிரிப்பு) ஆதரவு 41, எதிர்ப்பு 68. தோற்றுப்போச்சு. 'மக்களாகிய நாம்' நின்னுது. அப்புறம், முகப்புரை அரசியலமைப்பின் ஒரு பகுதின்னு முறைப்படி தீர்மானமே நிறைவேத்தினாங்க. தலைமை ராஜேந்திர பிரசாத்.

இப்போ விதியோட விளையாட்டைப் பாருங்க. 1958-ல் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் பெரோஸ்கான் நூனும் ஓர் ஒப்பந்தம் போட்டாங்க. மேற்கு வங்கத்துல பெருபாரின்னு ஒரு பகுதி. அதுல பாதி பாகிஸ்தானுக்கு! ராத்திரி இந்தியராப் படுத்தவன் காலையில அந்நியனா எழுந்திருக்கணும். அப்படிக் கொடுக்கலாமா? உச்சநீதிமன்றத்துக்கிட்ட ஆலோசனை கேட்ட ஜனாதிபதி யார் தெரியுமா? அதே ராஜேந்திர பிரசாத்! 1960-ல் வந்த பதில்: 'கொடுக்கணும்னா அரசியலமைப்பைத் திருத்தணும். ஆனா முகப்புரை அரசியலமைப்பின் பகுதியல்ல.' 1949 தீர்மானத்தை அங்கே யாரும் புரட்டிப் பார்க்கலையோ என்னவோ! (பெருபாரி கடைசியில் 1974 ஒப்பந்தப்படி இந்தியாவிலேயே தங்கிடுச்சு. அந்த ஜனங்க பிழைச்சாங்க.)

தப்பைத் திருத்தக் காரணமானவர் ஒரு சாமியார். காசர்கோடு எடநீர் மடத்துத் தலைவர் கேசவானந்த பாரதி. மடத்து நிலத்துக்காக வழக்குப் போட்டார். 13 நீதிபதிகள், 68 நாள் விசாரணை. 1973 ஏப்ரல் 24-ல் தீர்ப்பு. நிலம் என்ன ஆச்சுன்னு கேக்காதீங்க. அவர் எதிர்த்த திருத்தங்கள் பெரும்பாலும் தப்பிச்சுடுச்சு! ஆனா ரெண்டு விஷயம் நமக்குக் கிடைச்சுது. முகப்புரை அரசியலமைப்பின் பகுதிதான். நாடாளுமன்றம் எதைத் திருத்தினாலும் அதன் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கக்கூடாது. அந்த அடிப்படை எதுன்னு தேடின நீதிபதிகள் முகப்புரையைத்தான் புரட்டினாங்க.

ஒன்றை ஒத்துக்கறேன். முகப்புரையை மட்டும் கையில வச்சுக்கிட்டு நீங்களோ நானோ கோர்ட்டுக்குப் போய் உத்தரவு வாங்க முடியாது. இன்னொரு சிக்கலும் உண்டு: பகுதின்னு ஆயிட்டா அதையும் திருத்தலாமே! 1976-ல் 42-வது திருத்தம் 'சமதர்ம', 'மதச்சார்பற்ற' என்ற சொற்களைச் சேர்த்துச்சு. அதை எதிர்த்து வந்த மனுக்களை உச்சநீதிமன்றம் 2024 நவம்பர் 25-ல்தான் தள்ளுபடி செஞ்சுது.

நண்பரே, பிள்ளையார் சுழியைத் திருத்துனதுக்காக யாராவது உச்சநீதிமன்றம் வரைக்கும் போவாங்களா? (பலத்த கைதட்டல்)