பலகையை நேராக அறுக்கும் ‘டிராக் சா’

ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் மாடித் தளம் பெரும்பாலும் மரப்பலகைதான். அப்படிப்பட்ட வீட்டைப் புதுப்பிப்போருக்குக் கைகொடுக்கும் கருவி ‘டிராக் சா’. இது அலுமினியத் தண்டவாளத்தின்மேல் ஓடும் வட்ட ரம்பம். தண்டவாளம் வழிகாட்டுவதால் வெட்டு கோணாது. அதன் ஓரப் பட்டை சிராய் பெயர்வதைக் குறைக்கும்.

எட்டுக்கு நான்கு அடி பிளைவுட்டை அறுக்கப் பெரிய மேசை ரம்பம் வைக்கக் குறுகலான வீட்டில் இடமிருக்காது. பலகையைத் தரையில் கெட்டியான நுரை அட்டைமேல் கிடத்தி, நமக்கு வேண்டிய பகுதியின்மேல் தண்டவாளத்தை வைத்து அறுக்கலாம். 18 மில்லிமீட்டர் பலகை என்றால், ரம்பப் பல் அடியில் 2, 3 மில்லிமீட்டர் நீட்டினால் போதும். சிறிய ரகங்களுக்கு வெட்டும் ஆழம் குறைவு, வாங்கும்முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய பலகையில் ஆணி இருந்தால் முதலில் பிடுங்கிவிடுங்கள். பழைய கூரை, சீலிங் தகடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்; அதன் தூசு நுரையீரல் புற்றுநோய் தரும் என்பதால் அவற்றை அறுக்கவே வேண்டாம். மரத்தூளும் தீங்கானதே. முகக்கவசமும் பாதுகாப்புக் கண்ணாடியும் அவசியம். பிளேடு மாற்றுமுன் மின்இணைப்பைக் கழற்றுங்கள்.

2008 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பகுதிக்குள் வீடு இருந்தால், வேலை தொடங்குமுன் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தை அணுகி அனுமதி பெறுங்கள். அறுத்த பழம்பலகையை மீண்டும் ஒட்ட முடியாது.