ஓடாவியின் கண், நாடாவின் துளை

திருச்செந்தூருக்கு வடக்கே, வீரபாண்டியன்பட்டினம் தாண்டி ஒரு கொட்டகையில் கிடந்த ஒட்டுப்பலகைகளிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. லாரியில் வந்திறங்கியவை. ஒவ்வொன்றிலும் எந்திரம் பொறித்த எண். சிஎன்சி ரூட்டரில் வெட்டப்பட்ட வங்குகள் அவை. எண் வரிசையில் நிறுத்தி, மேலே ரீப்பர் அடித்து, புட்டி பூசித் தேய்த்தால் படகின் உரு. உருவின் மீது மெழுகு, ஜெல்கோட், கண்ணாடியிழை, ரெசின் ஏற்றி உரித்தெடுத்தால் அச்சு. அச்சிலிருந்து படகுகள், எத்தனை வேண்டுமானாலும். வல்லம் கட்டியே வயதாகிப்போன ஓடாவி ஒருவர் பக்கத்தில் நின்றார். "வளைவு சரியாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது நான் போட்ட வளைவுல்லா" என்றார். அவர் முன்பு கட்டிய வல்லம் ஒன்றை யாரோ வந்து அளந்துகொண்டு போயிருந்தார்கள். பேர் கேட்கவில்லை, கூலியும் பேசவில்லை.

இது ஒரு தனிமனிதப் புகார் மட்டுமல்ல என்பதற்காகவே வளைவின் வரலாற்றைக் கிளற வேண்டியிருக்கிறது.

நேர்கோட்டுக்கு நூல் போதும். வளைவுக்கு உடல் வேண்டும். ஏராவை இட்டு, பலகையை நனைத்து, நெருப்பில் வாட்டி, பாரம் ஏற்றிப் பணியவைக்கிற ஓடாவியிடம் வரைபடம் கிடையாது. மெல்லிய சட்டம் ஒன்றை வங்குகளின் மேல் வளைத்துவிட்டு, தள்ளி நின்று ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். எங்கே முட்டுகிறது, எங்கே பள்ளம் என்று சட்டமே சொல்லிவிடும். ஐரோப்பியக் கப்பல் பட்டறைகளிலும் இதே சட்டம்தான். அங்கே ஈயக்குண்டுகளை வைத்து அதைத் தரையில் நிறுத்திக் கோடு இழுத்தார்கள். ஆங்கிலத்தில் அதன் பெயர் ஸ்ப்ளைன். 1946இல் ஷோன்பெர்க் என்ற கணிதவியலாளர் தன் சார்புகளுக்கு அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டார். 1959இல் சித்ரோயன் கார் கம்பெனியில் தெ காஸ்தெல்ஜோ வளைவுகளை எண்களாக்கும் வழி கண்டார். கம்பெனி அதை ரகசியமாகப் பூட்டிவைத்தது. ரெனோவில் இருந்த பெசியே வெளியே எழுதினார், வளைவுக்கு அவர் பெயர் வந்தது. வளைவின் உடைமை பற்றிய சண்டை அங்கேயும் இருந்திருக்கிறது. ஆனால் அது முதலாளிகளுக்கும் கணிதக்காரர்களுக்கும் இடையில் நடந்தது. சட்டம் பிடித்த தச்சன் அந்தச் சண்டையில் ஒரு தரப்பாகக்கூட இல்லை.

எந்திரத்தின் கதை இன்னும் வெளிப்படையானது. ஹெலிகாப்டர் இறக்கையின் வளைவைச் சரிபார்க்கும் தகடுகளை வெட்டுவதில் மிச்சிகனின் ஜான் பார்சன்ஸுக்கு வந்த சிக்கல், அமெரிக்க விமானப்படையின் பணம், எம்ஐடியின் ஆய்வுக்கூடம் ஆகிய மூன்றும் சேர்ந்து 1952இல் துளையிட்ட நாடாவால் ஓடும் துருவல் எந்திரமாயின. டேவிட் நோபிள் 1984இல் எழுதிய 'உற்பத்தியின் சக்திகள்' நூல் நமக்கு முக்கியம். அதே காலத்தில் வேறொரு வழியும் இருந்தது என்று அவர் காட்டுகிறார். தேர்ந்த தொழிலாளி ஒரு தடவை கையால் செய்ய, அவர் அசைவுகளை எந்திரம் நாடாவில் பதிந்து திரும்பச் செய்யும். ஜெனரல் எலக்ட்ரிக் அதைச் செய்தும் பார்த்தது, பிறகு கைவிட்டது. தொழில்நுட்பம் தோற்றதால் அல்ல. அந்த நாடாவில் தொழிலாளியின் திறமை மிச்சமிருந்தது என்பதுதான் நோபிளின் வாதம். அறிவு பட்டறையிலிருந்து அலுவலகத்துக்குப் போயாக வேண்டியிருந்தது. இதை நான் முழுக்க ஒப்புக்கொள்ளமாட்டேன். இறக்கையின் சிக்கலான வளைவைக் கையால் ஒரு தடவைகூடத் துல்லியமாகச் செய்ய முடியாது என்ற தரப்பும் உண்டு. ஆனால் எந்த வளைவுக்காக எந்திரம் பிறந்தது என்பதை ராணுவம் தீர்மானித்தது, அதை மறுக்க முடியாது. (தெற்கே குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ராக்கெட்டின் வளைவுக்கு அரசிடம் நிலமும் பணமும் உண்டு.)

நம் கரையில் வேறொரு சாத்தியம் நடந்துபார்த்தது. 1980களில் குமரி மாவட்டத்து முட்டத்தில், பெல்ஜியத்திலிருந்து வந்த படகுப் பொறியாளர் பியர் ஜில்லேயும் மீனவர் கூட்டுறவுகளும் ஒட்டுப்பலகைப் படகு கட்டினார்கள். தட்டையான பலகையை வெட்டி, விளிம்புகளைச் செம்புக் கம்பியால் தைத்து இழுத்தால் வளைவு தானே வரும். பிறகு தையலின் மேல் ரெசின். அச்சு வேண்டாம். சோழமண்டலக் கரையின் பழைய மசூலாப் படகும் கயிற்றால் தைத்ததுதானே! ஜில்லே தன் நூலுக்குச் 'சிறியது கடினம்' என்ற பொருளில் பெயர் வைத்தார், 1985இல். கடினம்தான். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நிவாரணமாக வந்து குவிந்தவை கண்ணாடியிழைப் படகுகள். அச்சிலிருந்து சீக்கிரம் வரும், எண்ணிக் காட்டலாம், போட்டோ எடுக்கலாம். கட்டுமரம் கரையேறிப் போனது. கட்டியவன் இடத்தில் ரெசின் நாற்றத்திலும் இழைத்தூசியிலும் முகத்தில் துண்டு கட்டிய தினக்கூலிப் பையன்கள் வந்தார்கள்.

அதற்காகக் கட்டுமரத்தைப் புனிதமாக்க நான் தயாரில்லை. "அலைல நனஞ்சு செத்தவம் அவுகளுக்குத் தெரியாது" என்று ஒரு மீனவர் என்னிடம் முகத்திலடித்த மாதிரி சொன்னார். ஃபைபர் இலேசு, மரம் மாதிரி மக்காது. பிரச்சினை பொருளில் இல்லை, கோப்பு யாரிடம் இருக்கிறது என்பதில் இருக்கிறது.

கொட்டகையில் வங்குகள் எல்லாம் நின்றபின் அண்ணாச்சி அணியத்திலிருந்து சட்டத்தை வளைத்தார். ஒற்றைக் கண்ணால் பார்த்தார். "மூணாவது வங்கு தடிச்சிருக்கு. கரையலைல மூக்கக் குத்தும்." அளந்தவர்கள் ஏதோ ஒரு புள்ளியைத் தவறாக எடுத்திருக்கலாம், அல்லது கணினி வழவழப்பாக்கியிருக்கலாம். அவர் இழைப்புளியை எடுத்து இழைக்கத் தொடங்கினார். எவ்வளவு இழைத்தார் என்று யாரும் குறித்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் அவருக்கு ஒருநாள் தச்சுக்கூலி கொடுத்தார்கள்.