பல பட்டியல்களில் தரவரிசைத் தேர்வு

ஏறுவரிசையில் உள்ள பல பட்டியல்களை ஒன்றாக்கினால் ஆறாவதாகவோ ஆயிரமாவதாகவோ நடுவிலோ எந்த உறுப்பு நிற்கும் என்பதை, அவற்றை ஒன்றாக்காமலே கண்டறியும் நிரல்முறை.

குறித்த தரவரிசையில் நிற்பது எது என்று கேட்கும் தேர்வுச் சிக்கலின் வேர் விளையாட்டுத் திடலில் இருக்கிறது. நாக்-அவுட் டென்னிஸில் இறுதிச்சுற்றில் தோற்றவர் உண்மையிலேயே இரண்டாவது சிறந்த ஆட்டக்காரராக இருக்க வேண்டியதில்லை என்று 1883-இல் லூயிஸ் கரோல் எழுதினார். ஒழுங்கற்ற ஒற்றைப் பட்டியலுக்கு டோனி ஹோர் 1961-இல் வழி கண்டார். புளூம், ஃபிளாய்டு, பிராட், ரிவெஸ்ட், டார்ஜன் ஐவரும் 1973-இல், எந்த நிலையிலும் நேரம் பட்டியலின் நீளத்துக்கு நேர்விகிதத்தை மீறாத முறையைத் தந்தனர்.

பட்டியல்கள் முன்பே ஒழுங்காக இருந்தால் அந்த உழைப்பும் மிகை. 3, 8, 12, 20, 31 ஒன்று. 5, 9, 10, 27 மற்றொன்று. ஆறாவது எண் வேண்டும். இரண்டிலும் மூன்றாவதை ஒப்பிடுகிறோம்: 12, 10. பத்தைவிடச் சிறியவை நான்குக்கு மேல் இருக்க வழியில்லை. ஆகவே 5, 9, 10 மூன்றையும் ஒரே ஒப்பீட்டில் தள்ளலாம். மீதியில் மூன்றாவதைத் தேடினால் போதும். விடை 12.

பட்டியல்கள் பல என்றால் பெரும்பாலோர் நாடுவது, எஞ்சியவற்றில் மிகச் சிறியதை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும், 1964-இல் வில்லியம்ஸ் அறிமுகப்படுத்திய ஹீப் என்னும் தரவமைப்பு. முதல் பத்து உறுப்புகளுக்கு அதுவே சரி. நடு உறுப்புக்கு அது வீண் செலவு. தலா 10 லட்சம் உறுப்புகள் கொண்ட 1,000 பட்டியல்களில் 50 கோடி முறை எடுக்க வேண்டிவரும். மாறாக, ஒவ்வொரு பட்டியலின் நடு உறுப்பையும் எடுத்து, பட்டியல் நீளத்தை எடையாகக் கொண்டு அவற்றின் இடைநிலையைக் காண வேண்டும். அது ஒவ்வொரு பட்டியலிலும் எங்கே விழுகிறது என்று இருமத் தேடலால் அறிந்து கூட்டினால், அதன் மொத்த இடம் தெரிந்துவிடும். அதை வேண்டிய இடத்தோடு ஒப்பிட்டு, விடை இருக்க முடியாத பக்கத்தைத் தள்ளிவிட்டு, மீதியில் இதையே திரும்பச் செய்யலாம். சுற்றுக்கு, மீதமுள்ள உறுப்புகளில் குறைந்தது ஏறத்தாழக் கால்பங்கு கழியும். வேலை சில பத்து லட்சம் ஒப்பீடுகளுக்குள் முடியும்.

கிரெக் ஃபிரெடரிக்சன், டொனால்டு ஜான்சன் இருவரும் 1982-இல் இதையும் செம்மையாக்கி, மாறிலி மடங்கு தவிர இனிக் குறைக்க முடியாத எல்லையை எட்டினர். இத்துறையின் தலையாய கட்டுரை அதுவே. படிக்கக் கடினம் என்பதால் நிரலாளர்கள் அதை அதிகம் தொடுவதில்லை.

பல சேவையகங்களில் சிதறிய தேடல் முடிவுகளிலும் இதே சிக்கல் உண்டு. ஆழமான பக்கத்தைக் கேட்டால் ஒவ்வொரு பிரிவும் அதுவரையிலான முடிவுகளை எல்லாம் திரட்டித் தர வேண்டியிருப்பதால், எலாஸ்டிக்சர்ச் மென்பொருள் இயல்பாக 10,000 முடிவுகளோடு நிறுத்திக்கொள்கிறது.