பாஸ்போர்ட் இல்லாத ஓவியர்

உச்சிவெயில். தூரத்தில் பனிச் சிகரங்கள். கண்ணைக் கூசவைக்கும் நீல வானம். புல்வெளியில் ஆடுகள் மேய, நீல உடையும் வைக்கோல் தொப்பியுமாக நிற்கிறாள் ஓர் இடைப்பெண். 'ஆல்ப்ஸில் நண்பகல்' (1891) என்கிற இந்த ஓவியத்தைப் பார்த்தால், 'வரைந்தவர் ஆட்டுக்குட்டிகளோடு துள்ளி வளர்ந்த ஆசாமி போல!' என்றுதான் தோன்றும். அதுதான் இல்லை!

ஜியோவன்னி செகான்டினி பிறந்தது 1858-ல், ஆர்கோ என்ற ஊரில். இன்று அது இத்தாலி; அன்று ஆஸ்திரியாவின் கையில் இருந்தது. ஏழு வயதில் அம்மா போய்விட்டாள். மிலான் நகரில் இருந்த மூத்த தாரத்து மகளிடம் பையனை விட்டுவிட்டுப் போன அப்பாவும் சீக்கிரமே இறந்தார். அக்கா ஒரு காரியம் செய்தாள். தம்பியின் ஆஸ்திரியக் குடியுரிமையை வேண்டாமென்று எழுதிக் கொடுத்தாள். இத்தாலியக் குடியுரிமைக்கு மனுப் போடவே இல்லை. அவ்வளவுதான்... சாகும்வரை அவருக்கு எந்த நாடும் கிடையாது!

தெருவில் சுற்றிய பையன், சீர்திருத்தப் பள்ளிக்குப் போய்ச் செருப்புத் தைத்தான். பிறகுதான் ஓவியப் பள்ளி. பிச்சே என்ற பெண்ணோடு குடித்தனம் நடத்தி நான்கு குழந்தைகள் பெற்றும், கையில் காகிதம் இல்லாததால் சட்டப்படி கல்யாணம் செய்ய முடியவில்லை. (வெறும் வாயை மெல்லும் ஊருக்கு அவல் கிடைத்தது!)

1886-ல் சுவிட்சர்லாந்தின் சவோன்யின் கிராமம். உயரம் சுமார் 1,200 மீட்டர். கடன் கழுத்தை நெரிக்க, 1894-ல் மாலோயா, 1,800 மீட்டர். ஏற ஏற வெளிச்சம் தெளிந்தது. அதைப் பிடிக்க ஒரு வழி கண்டார். வண்ணங்களைக் குழைக்காமல், நூல் நூலாகப் பக்கத்தில் பக்கத்தில் இழுப்பது. தள்ளி நின்றால், கலவை வேலையை நம் கண்ணே பார்த்துக்கொள்ளும்! பெரிய படங்களை வெட்டவெளியில், குளிரில் நின்றே தீட்டினார்.

1900 பாரிஸ் கண்காட்சிக்காக 'வாழ்வு, இயற்கை, மரணம்' என மூன்று பெரிய படங்களைத் தொடங்கினார். நடுப்படத்துக்காக 1899 செப்டம்பரில் ஷாஃப்பெர்க் மலையில், 2,700 மீட்டர் உயரக் குடிசையில் தங்கியபோது பெரிடோனைடிஸ் என்ற வயிற்று நோய் தாக்கியது. 'என் மலைகளைப் பார்க்கணும்' என்றாராம் கடைசியாக. செப்டம்பர் 28 அன்று இறந்தபோது வயது 41.

1908-ல் செயின்ட் மோரிட்ஸில் அவருக்கென்றே அருங்காட்சியகம் திறந்தார்கள். மூன்று படங்களும் அங்கேதான். 'மரணம்' முடியவில்லை. பனி மூடிய வீட்டிலிருந்து ஓர் உடலைத் தூக்கி வருகிறார்கள். வெளியே, சறுக்குவண்டியோடு ஒரு குதிரை காத்து நிற்கிறது.